எலி வீட்டு டொக்டர்

நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிக்கிறேன். காலையில் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒருதரம், மதியச் சாப்பாடு முடிந்து திரும்ப உள்ளே போகும்போது ஒருதரம், பின்னேரம் வீட்டுக்கு வந்து ஒருதரம். கடைசிக் குளிப்புத்தான் எனக்காக. முதல் இரண்டும் எலிகளுக்காக. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் மாடியில் அவை குடியிருக்கின்றன. உள்ளே போகிறவர் உடுப்பு, கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவைத்து, தலையோடு குளித்து, அவித்துச் சுத்தம் செய்த பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் கோயில் நூல் கட்டியிருந்தது. மேலாளர் ஊவே அதையும் வெட்டச் சொன்னார். எலியிடமிருந்து எனக்கு ஏதாவது தொற்றிவிடும் என்று பயப்படுகிறார் போலும், நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டு, "பரவாயில்லை, எனக்குப் பயமில்லை" என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "எலி சுத்தம். நீதான் அழுக்கு."

எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குப் போய் வந்தால் குளிப்போம், கோயிலுக்குப் போகமுன் குளிப்போம். எலியைப் பார்க்கப் போகமுன் குளிக்கிற ஆசாரத்தை நான் ஐரோப்பாவுக்கு வந்துதான் பழகினேன். இதிலே பெரிய பகிடி என்னவென்றால், அந்த எலிகளுக்கு நோயைக் கொடுப்பதே நாங்கள்தான். நாங்கள் கொடுக்கிற நோயைத் தவிர வேறு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு குளிப்பு.

எங்களிடம் இருப்பவை மங்கோலியப் பாலைவன எலிகள். ஜெர்மன்காரர் 'ரென்மௌஸ்' என்பார்கள், ஓடுகிற எலி என்று அர்த்தம். வாலின் நுனியில் தூரிகைபோல மயிர் இருக்கும். பின்காலில் எழுந்து நின்று, சந்தியில் பஸ் வருகிறதா என்று பார்க்கிற ஆளைப்போல எட்டிப் பார்க்கும். மனிதரின் இரைப்பையில் ஹெலிக்கோபாக்டர் என்று சுருள் வடிவக் கிருமி ஒன்று குடியிருக்கும். அமிலத்துக்குள்ளேயே சீவிக்கிற வல்லாளகண்டன் அது. சாதாரண வெள்ளைச் சுண்டெலிக்கு இதைக் கொடுத்தால் வயிறு கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான். இந்தப் பாலைவன எலிக்குக் கொடுத்தாலோ மனிதருக்கு வருவதெல்லாம் வரிசையாக வரும். முதலில் அழற்சி, பிறகு புண், ஒரு வருடம் தாண்டினால் சிலவற்றுக்குப் புற்றுநோயும் வரும். அதனால்தான் இந்தப் பாவப்பட்ட சீவனை மனிதருக்குப் பதிலாளாக வைத்திருக்கிறார்கள். பாதிக் கூட்டத்துக்குக் கிருமி கலந்த திரவம், மற்றப் பாதிக்கு வெறும் திரவம். கொடுப்பதற்கு முதல் நாள் பின்னேரமே தீனியை எடுத்துவிடவேண்டும். வெறும் வயிற்றில்தான் கிருமி நன்றாகக் குந்தியிருக்குமாம்.

அந்தத் தீனியை எடுக்கிறவன் நான். கூட்டைக் கழுவுகிறவனும், மரத்தூளை மாற்றுகிறவனும், ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்து எழுதுகிறவனும் நான். என் வேலையின் பெயர் 'தியர்ப்ஃப்ளேகர்', மிருகங்களைப் பராமரிப்பவன். இருபது வருடமாக இதுதான் என் உத்தியோகம். நல்ல வேலை, நான் விரும்பிச் செய்கிற வேலை. ஆனால் யாழ்ப்பாணத்தில் என் ஊரான பண்டத்தரிப்பில் இது யாருக்கும் தெரியாது. பண்டத்தரிப்பில் நான் டொக்டர்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றுதான் பல வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்த அன்று ஊருக்குத் தொலைபேசி எடுத்து, "யூனிவர்சிற்றியிலை, வயித்து வருத்த ஆராய்ச்சிப் பகுதியிலை வேலை" என்று சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. எலி என்ற ஒரு சொல்லைத்தான் சொல்லவில்லை. அந்தக் கிழமையே என் அண்ணை அதை மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிறவர். சந்தையில் மூட்டையை இறக்கமுன் செய்தியை இறக்குவார். ஆராய்ச்சி என்றது ஆராய்ச்சியாளராகி, சந்தையைவிட்டு வெளியே வரும்போது டொக்டராகிவிட்டது. நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. முதல் வருடம் வெட்கத்தில் திருத்தவில்லை. இரண்டாம் வருடம் சுகமாக இருந்தது. அதற்குப் பிறகு திருத்தினால் அண்ணைக்கு மானக்கேடு என்று ஒரு நல்ல சாட்டுக் கிடைத்தது.

டொக்டர் ஆனபின் வைத்தியம் பார்க்காமல் இருக்க முடியுமா? அயலுக்குள் யாருக்கு வயிறு ஊதினாலும் அண்ணையின் கைத்தொலைபேசி வழியாக எனக்குச் செய்தி வரும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உறைப்பைக் குறையுங்கோ, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்பேன். இது எந்த எலிக்கும் பொருந்துகிற அறிவுரை. ஊரில் என் பெயர் நன்றாக ஓடியது.

போன ஐப்பசியில் அண்ணையே தனக்காகக் கேட்டார்.

"தம்பி, நெஞ்சுக்குழிக்குள்ளை எரியுதடா. பசிச்சா வந்து பிடிக்குது. ஏதும் சாப்பிட்டாக் கொஞ்சம் சுகம்."

"எவ்வளவு காலமா?"

"அது கிடக்குது, ரண்டு வருசம் வரும். மானிப்பாயிலை ஒரு டொக்டரிட்டைக் காட்டினனான். அவர் வாய்க்குள்ளாலை கமெரா விட்டுப் பாக்கவேணுமாம். உதெல்லாம் தேவையோ? நீ சொல்லு. நீ சொன்னாப் போதும்."

வாசகரே, இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அதே கிழமை எனக்கே கமெரா விடுவதற்கு நாள் குறித்திருந்தார்கள். வேலையிடத்தில் வருடாந்தம் எங்களையும் பரிசோதிப்பார்கள். ஒரு பையை ஊதச் சொன்னார்கள், ஊதினேன், எனக்குள்ளும் அந்தக் கிருமி இருப்பதாக வந்தது. எலியிடமிருந்து எனக்குத் தொற்றியதா என்று அறிவதற்காக வயிற்றுக்குள்ளே ஒரு சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அதாவது கமெரா என்றால் என்ன, ஏன், எதற்கு என்று அந்தக் கிழமை யாழ்ப்பாணத்தவரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் குறைவு. அப்படியிருந்தும் அண்ணையின் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு, "உடனை தேவையில்லை, கொஞ்சம் பாப்பம்" என்று சொன்னேன். கேட்கிறவருக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறவனைத்தான் எங்கள் ஊரில் கெட்டிக்கார டொக்டர் என்பார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அதற்கு அடுத்ததாக அவர் கேட்டதுதான் உண்மையான கேள்வி.

"கந்தசட்டி வருது. நான் வழமைபோலை மிளகும் தண்ணியும்தான். பிடிக்கலாம்தானே?"

அண்ணை ஒவ்வொரு வருடமும் ஆறு நாளும் சில மிளகும் தண்ணீரும் மட்டும் எடுத்து விரதம் இருப்பார். ஆறாம் நாள் சூரன் போரன்று, சூரன் சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் வீதியில் ஓடி ஆடுகிறவர்களில் அவரும் ஒருவர். தூக்குகிற தடியின் முன்பக்கம், முன்கொம்பு, அவருடையது. அதை இருபத்தைந்து வருடமாக யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. பசித்தால் எரிகிறது என்று இப்போதுதான் சொன்ன மனிதன் ஆறு நாள் பட்டினி கிடக்கலாமா என்று கேட்கிறார். வெறும் வயிற்றில் கிருமிக்கு என்ன வசதி என்று இருபது வருடமாகத் தீனியை எடுத்துவைக்கிற எனக்குத் தெரியாதா?

"ஓம் அண்ணை, பிடியுங்கோ. வயித்துக்கும் ஒரு ஓய்வுதானே" என்றேன். சனியன் பிடித்த வாய்.

விரதத்தின் நாலாம் நாள் என் பரிசோதனை முடிவு வந்தது. ஆராய்ச்சியாளர் கார்லா என்னைக் கூப்பிட்டார். எலிகளின் உண்மையான எசமானி அவர்தான். நான் கொஞ்சம் பெருமையோடுதான் போனேன். வேலையில் பட்ட விழுப்புண் என்று ஒரு நினைப்பு. அவர் சிரித்தார்.

"இது எங்கள் கிருமி இல்லை. எங்கள் எலிகளில் இருப்பது வேறு இனம். உன்னுடையது தெற்காசியாவில் இருக்கிற இனம். சின்ன வயதில், வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவது. நீ வரும்போதே கொண்டுவந்திருக்கிறாய்."

இத்தனை வருடம் நான் குளித்துக் குளித்து உள்ளே போனது வீண். ஊவே முதல் நாள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. பயணப்பெட்டியில் இருந்த மிளகாய்த்தூளைக்கூட விமான நிலையத்தில் பறித்தார்கள். பண்டத்தரிப்புக் கிருமியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எல்லா எல்லையையும் தாண்டி வந்திருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை. இப்படியெல்லாம் பகிடி யோசித்துக்கொண்டு படியேறும்போதுதான் பாதியில் கால் நின்றது. வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு. ஒரே கோப்பையில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்தது நானும் அண்ணையும்.

திரும்பி ஓடிப்போய்க் கார்லாவிடம் சொன்னேன்: "என் அண்ணை ஆறு நாள் சாப்பிடாமல் இருக்கிறார். மிளகும் தண்ணீரும் மட்டும். வயிற்றில் எரிவும் இருக்கிறது."

அவர் பேனையை எடுத்தார். "மிளகா? யாருடைய மேற்பார்வையில்?"

"முருகன்" என்றேன்.

"முருகன் டொக்டரா?"

"இல்லை, கடவுள்."

"சரி. டொக்டர் யார்? ஒரு டொக்டர் அனுமதித்திருப்பாரே?"

என்ன சொல்வேன்? எனக்கு ஜெர்மன் விளங்கவில்லை என்பதுபோல முழித்தேன். அவர் பொறுமையாக இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரமும் முழித்தேன்.

மதிய இடைவேளையில் அண்ணைக்கு எடுத்தேன். அங்கே பின்னேரமாகியிருந்தது, கோயில் மணிச் சத்தம் கேட்டது.

"அண்ணை, விரதத்தை விடுங்கோ. நாளைக்கே கமெராவுக்குப் போங்கோ."

"என்னடா, அண்டைக்கு ஓம் எண்டனி. இண்டைக்கு விடட்டாம் எண்டுறாய். உங்கடை ஆராய்ச்சி அஞ்சு நாளிலை மாறிப்போச்சோ?"

அப்போது சொல்லியிருக்கவேண்டும். நான் டொக்டர் இல்லை, என் ஓமுக்கு ஒரு பெறுமதியும் இல்லை, நான் எலிக்கூடு கழுவுகிறவன் என்று மூன்று வசனம். சொன்னால் அவர் பயந்து கேட்டிருப்பார். மூன்று வசனமும் நாக்கு நுனிவரை வந்தன. "இல்லை, புதுசா ஒரு அறிக்கை வந்திருக்கு" என்று என் வாய் சொன்னது. பாருங்கள், அந்த நேரத்திலும் டொக்டராகத்தான் கதைத்தேன்.

"இன்னும் ரண்டு நாள்தானே. சூரன் முடியட்டும்" என்று அண்ணை வைத்துவிட்டார்.

சூரன் போரன்று முன்கொம்பைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் சுற்று வரும்போது விழுந்தார். விரதக் களை என்று சனம் தேசிக்காய்த் தண்ணீர் பருக்கியது. அதைச் சத்தியெடுத்தார். சத்தி கோப்பித்தூள் நிறத்தில் இருந்ததைக் கண்ட பிறகுதான் ஆட்டோ பிடித்து யாழ்ப்பாண நகர ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். இதை எனக்குச் சொன்னது அண்ணையின் மனைவி, என் மச்சாள். அழுதுகொண்டு அவர் சொன்ன கடைசி வசனம், "தம்பி, நீங்கள் பக்கத்திலை இருந்திருந்தா இப்பிடி வந்திருக்காது" என்பது. என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய அடி ஒருவரும் எனக்கு அடித்ததில்லை.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் நின்றேன். அதற்குள் இரத்தம் ஏற்றி, கமெரா விட்டு, இரத்தம் கசிந்த இடத்தை அடைத்திருந்தார்கள். அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார். இருபத்தைந்து வருடம் சூரனைத் தூக்கிய தோள் இரண்டும் உள்ளே போய், சட்டை கொழுவியில் தொங்குவதுபோல இருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து டொக்டர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், சுறுசுறுப்பான பிள்ளை.

"டொக்டர், உவர்தான் என்ரை தம்பி" என்றார் அண்ணை. குரல் எழும்பவில்லை, பெருமை மட்டும் எழும்பியது. "ஜெர்மனியிலை உங்கடை துறைதான். வயித்து டொக்டர்."

"அப்பிடியே சேர்! நல்லதாப் போச்சு." அந்தப் பிள்ளை அறிக்கையை என் கையில் தந்துவிட்டது. "பாருங்கோ சேர். புண்ணின்ரை விளிம்பு எனக்கு அவ்வளவு பிடிக்கேல்லை. துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறம். சேர் என்ன நினைக்கிறியள்?"

படத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த புண்தான். கார்லா தட்டில் விரித்துவைக்கிற எலி இரைப்பைகளில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் அது வெறும் புண். சிலவற்றில் அது வேறு. எது எதுவென்று எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியாது.

"இன்னொண்டு சேர்" என்றார் அவர். "ஐயா விரதத்தோடை முழங்கால் நோவுக்குக் குளிசையும் போட்டிருக்கிறார். ஆறு நாளும், வெறும் வயித்திலை. கேட்டா, குளிசை சாப்பாடில்லையாம், விரதம் முறியாதாம். அதுதான் இப்பிடி ரத்தம் வந்தது. உந்த வருத்தத்தோடை விரதம் பிடிக்கலாம் எண்டு ஆரோ ஒரு டொக்டர் சொன்னவராம். ஆர் எண்டு எத்தினை தரம் கேட்டும் ஐயா வாய் திறக்கிறாரில்லை."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சாகக் கிடந்தபோதும் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்திருக்கிறார் மனிதன்.

"நான்தான் சொன்னனான்" என்றேன். "நான் டொக்டர் இல்லை, பிள்ளை. அங்கை ஆராய்ச்சிக்கு வைச்சிருக்கிற எலியளைப் பாக்கிறனான். கூடு கழுவுறது, தீன் வைக்கிறது. அவ்வளவுதான்."

பக்கத்துக் கட்டில்காரர் சோடாப் போத்தலை வாயில் வைத்தபடியே நின்றார். மச்சாள் தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தார். டொக்டர் என் கையிலிருந்த அறிக்கையை மெதுவாக, மரியாதையாக வாங்கிக்கொண்டார். அண்ணை யன்னலிலிருந்து திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, ஒரு குழப்பம்.

"அப்ப எனக்கு ஓம் எண்டு சொன்னது ஆர்?" என்று கேட்டார்.



துணுக்கின் முடிவு வரும்வரை பத்து நாளுக்கு மேல் காத்திருந்தோம். அண்ணை வீட்டுக்கு வந்துவிட்டார், என்னோடு கதைக்கவில்லை. கதைப்பதெல்லாம் மச்சாளூடாகத்தான். "எலிக்காறருக்குத் தேத்தண்ணி குடு" என்பார். "எலிக்காறரை லைற்றை நிப்பாட்டச் சொல்லு" என்பார். நான் அவருக்குப் பதிலாக வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு வியாபாரி தராசை விட்டுவிட்டு எனக்கு நாக்கை நீட்டிக் காட்டினார். "நான் டொக்டர் இல்லை அண்ணை, எலி பாக்கிறனான்" என்று சொன்னேன். "பாத்தியளே, எவ்வளவு படிச்சும் எவ்வளவு பணிவு" என்று அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். இருபது வருடம் ஓடிய பொய்யை ஊர் திருப்பி வாங்க மாட்டேன் என்றது. நான் உண்மையைச் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அண்ணை. நம்பியவர்தான் முகம் கொடுக்கவில்லை.

அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை எழுதினால் பகிடியாக வராது. ஒரு வருடம் தாண்டிய எலிகளை நான்தான் நிறுப்பேன். நல்ல தீனி வைத்தும் ஒரு எலி கிழமைக்குக் கிழமை நிறை குறைந்துகொண்டு போனால், கார்லா வயிற்றைத் திறக்கமுன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு நாள் காலையும் அண்ணை கிணற்றடிக்குப் போகும்போது அவருடைய இடுப்புச் சாரக்கட்டைப் பார்த்தேன். நேற்றையைவிட இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு நாள் அவர் அதைக் கண்டுவிட்டார். "உவன் என்னை நிறுக்கிறான்" என்று மச்சாளுக்குச் சொன்னார்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. கிருமி இருக்கிறது, அதனால் வந்த புண், குளிசைகள் தின்றால் மாறும். மச்சாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிலத்தில் இருந்துவிட்டார். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன். இரண்டு கிழமைக்கு, நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் மூன்று குளிசை. என் லீவு முடிந்திருந்தது. விமான நிலையத்துக்கு வான் வந்தபோது அண்ணை தோட்டத்தில் நின்றார், படலைக்கு வரவில்லை.

ஜெர்மனிக்கு வந்து மூன்றாம் நாள் மச்சாள் எடுத்தார். "தம்பி, அவர் குளிசை ஒண்டையும் தொடுறாரில்லை. அலுமாரிக்கு மேலை கிடக்குது. இனி ஆற்றை சொல்லை நம்பிறது எண்டு கேக்கிறார்."

புண் திரும்ப வாய் திறந்தால் இன்னொரு தரம் தப்புவாரோ தெரியாது. "போனை அவரிட்டைக் குடுங்கோ மச்சாள், வீடியோவைப் போடுங்கோ" என்றேன். எனக்கு விடிய ஐந்தரை மணி. ஆறு மணிக்குப் பஸ். அங்கே பத்து மணி வெயில், அண்ணை வெங்காயப் பாத்தி வரம்பில் இருந்தார். மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தரம் என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கும் உந்தக் கிருமி இருக்காம். மச்சாள் சொன்னவள்."

"ஓம்."

"இதுவும் பொய்யோ?"

"இல்லை அண்ணை. எனக்கும் குளிசை தந்திருக்கினம். இன்னும் தொடங்கேல்லை."

"ஏன் தொடங்கேல்லை?"

பிரிக்காத குளிசைப் பெட்டியை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தேன். உண்மை என்னவென்றால், அவர் சுகமாகாமல் நான் சுகமாவதை நினைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் பெட்டியை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் உங்கை என்ன செய்யிறனியள்? எலிக்குக் குடுத்துப் பாத்திட்டுத்தானே மனிசருக்குக் குடுக்கிறனியள்?"

"ஓம்."

"அப்ப நீ முதல் விழுங்கு. நான் பாக்கவேணும்."

விழுங்கினேன். மூன்றையும் ஒவ்வொன்றாக, வாயைத் திறந்து காட்டிக் காட்டி விழுங்கினேன். அவர் தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, சந்தையில் வெங்காயம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு மச்சாளிடம் தண்ணீர் கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை. எனக்குக் காலை ஐந்தரையும் பின்னேரம் ஐந்தரையும், அவருக்குப் பத்தும் பத்தும். முதலில் நான், பிறகு அவர். இரண்டாம் நாள் எனக்கு வாய் முழுக்க இரும்பைச் சப்பினதுபோலக் கசந்தது, சொன்னேன். "எனக்கு நேற்றே வந்திட்டுது. என்ன எலியடா நீ, எனக்குப் பிறகு வருது" என்றார். ஐந்தாம் நாள் எனக்கு வயிற்றால் போனது. அந்தச் செய்தியை அவர் பெரிய மனநிறைவோடு கேட்டுக்கொண்டார். எலிக்காறர் என்ற சொல் போய், எலி என்று நேரடியாகக் கூப்பிடத் தொடங்கினார். எட்டாம் நாள் வாய் தவறி ஒருதரம் தம்பி என்றார். நான் கேளாத மாதிரி இருந்தேன். கேட்டதாகக் காட்டிக்கொண்டால் திருப்பி எடுத்துவிடுவார் என்று பயமாக இருந்தது. ஒரு நாள் வேலையிடத்தில் ஊவே, நான் ஏன் இப்படிச் சிரித்துக்கொண்டு கூடு கழுவுகிறேன் என்று கேட்டார். என் அண்ணை என்னை எலி என்று கூப்பிடுகிறார் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. இப்படி அவமதிப்பதை நான் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை, கதைக்க உதவி வேண்டுமென்றால் ஆள் இருக்கிறது என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கடைசிக் குளிசை நாள். இங்கே வெளியே ஒரே பனி, நான் தடித்த கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு குசினியில் நின்றேன். அங்கே அண்ணை மேல்சட்டை இல்லாமல், தோளில் துவாயோடு, தண்ணீர் இறைத்துக் களைத்துப்போய் இருந்தார். தோள் கொஞ்சம் தேறியிருந்தது. நான் விழுங்கினேன். அவர் விழுங்கினார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"டேய், ஒண்டு கேக்கட்டே? ஆராய்ச்சி முடிஞ்சாப் பிறகு அந்த எலியளை என்ன செய்யிறனியள்?"

இருபது வருடத்தில் ஊரில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எனக்குப் பிடிக்காத கேள்வியும் அதுதான். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். காட்டில் விடுவோம், பிள்ளைகளுக்கு வளர்க்கக் கொடுப்போம் என்று எவ்வளவோ இருக்கிறது, என் வாய்க்குத் தெரியாததா? ஆனால் இந்த மனிதனுக்கு இனி ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று மரத்துக்குப் பின்னால் நின்று நேர்ந்திருந்தேன்.

"கொல்லுவம் அண்ணை" என்றேன்.

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் என் குசினிக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே என் பஸ் வந்து நின்று, ஆளில்லாமல் புறப்பட்டது.

"உன்னை வைச்சிருப்பம்" என்றார் அண்ணை. "நாளைக்கும் எடு."